நீரில் மிதத்தலும் சுற்றுப்பாதையில் விழுதலும்: திருகோணமலை உயர்தர வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

உயர்தர முதலாம் வருட மாணவர்களுக்கு வட்ட இயக்கம் படிப்பித்து முடிக்கும்போது ஒரு கேள்வி கொடுப்பது என் வழக்கம்: சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள்? அரைத்தாளில் எழுதித் தந்தால் போதும், கணக்குத் தேவையில்லை. வரும் விடைகளில் பெரும்பாலானவை எந்த ஊரிலும் வருகிறவைதான். அங்கே ஈர்ப்பே இல்லை என்பார்கள். காற்று இல்லாததால் என்பார்கள். ரியூஷனில் பாடமாக்கியவர்கள் மையநீக்க விசை ஈர்ப்பை வெட்டிவிடுகிறது என்று எழுதி, எதிரெதிராக இரண்டு அம்புக்குறியும் கீறித் தருவார்கள். இந்த ஆய்வு அந்த மூன்றையும் பற்றியதில்லை. கடற்கரைப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுதிய வேறொரு விடையையும், அதைச் சோதிக்கப் போய் வகுப்பு எங்கே வந்து நின்றது என்பதையும் பற்றியது. மற்ற ஆசிரியர்களும் செய்து பார்க்கலாம் என்பதால் செய்முறைகளைக் கொஞ்சம் விபரமாகவே தருகிறேன்.

அவன் எழுதியது ஏறக்குறைய இப்படி: "கடலுக்கடியில் இடுப்பில் ஈயத்தை அளவாகக் கட்டினால் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்கலாம். அப்போது நிறை தெரியாது. விண்வெளி வீரர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள். அதனால்தான் அவர்களைத் தண்ணீருக்குள் விட்டுப் பழக்குகிறார்கள்."

தகப்பன் சங்கும் கடலட்டையும் குளிக்கப் போகிறவர். பையனும் விடுமுறை நாட்களில் கூடவே இறங்குவான். எழுதியது அவன் உடம்பால் அறிந்த விஷயம்.

நல்ல விடை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஒரு அவதானிப்பு இருக்கிறது, ஒரு பொறிமுறை இருக்கிறது, வெளியிலிருந்து ஒரு சான்றும் இருக்கிறது. அந்தச் சான்று பொய்யும் இல்லை. அமெரிக்காவில் ஹூஸ்ரனில் நாசா வைத்திருக்கும் பயிற்சித் தடாகம் 61 மீற்றருக்கு மேல் நீளம், 31 மீற்றர் அகலம், 12 மீற்றர் ஆழம். அதற்குள் நிலையத்தின் பகுதிகளின் மாதிரிகளை அமிழ்த்தி வைத்து, நிலையத்துக்கு வெளியே இறங்கி வேலை செய்வதற்கு அங்கேதான் பழகுகிறார்கள். இலங்கையிலேயே குடியேறிய எழுத்தாளர், நம்மூர் சாட்சி ஒருவரும் உண்டு. 1945இலேயே புவிநிலைச் செய்மதிகளைப் பற்றி எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இல் மைக் வில்சனோடு திருகோணமலையின் சுவாமிமலை அடிவாரத்தில் சுழியோடி, கடலுக்குள் கிடந்த பழைய கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டவர். சுழியோடுவதில் தனக்கிருந்த ஈடுபாட்டுக்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, நிறையற்ற நிலைக்கு மிகக் கிட்டியது அதுதான் என்பது. ஆகவே பையன் தனியாக இல்லை.

ஆனாலும் விடை பிழை. "பிழை" என்று சிவப்புப் பேனையால் எழுதிவிட்டுப் போயிருந்தால் அவன் ஏற்றிருக்க மாட்டான். ஏற்க வேண்டிய அவசியமும் இல்லை.

கத்தி

பிழை எங்கே என்பதைக் காட்டும் முதல் தடயம் அவன் வாயிலிருந்தே வந்தது.

"கீழ நிக்கேக்க கையில இருக்கிற கத்திய விட்டா என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

"அடிக்குப் போயிரும் சேர். அதான் மணிக்கட்டில கட்டியிருப்பம்."

"ஸ்டேஷன்ல நிக்கிற ஆள் கத்திய விட்டா?"

"நிக்கும் சேர். வீடியோவில பாத்திருக்கிறன்." கொஞ்சம் யோசித்தான். "அப்ப கத்திக்கும் ஒரு மிதவை கட்டோணும்."

கட்டத்தான் செய்கிறார்கள். ஹூஸ்ரன் தடாகத்தில் கருவிகளுக்கும் மிதவையும் பாரமும் சேர்த்துச் சமப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே சமப்படுத்த வேண்டியிருக்கிறது என்றால், தண்ணீர் ஒவ்வொரு பொருளின் வெளிமேற்பரப்பில்தான் வேலை செய்கிறது என்று பொருள். மேலுதைப்பு தோலில் தாங்குகிறது. தோலுக்கு உள்ளே இருக்கும் குடலும் இரத்தமும், காதுக்குள் நிமிர்வைச் சொல்லும் நுண்கற்களும் தரையில் இருப்பதுபோலவே தத்தம் நிறையோடு கீழே அழுத்திக்கொண்டுதான் இருக்கின்றன. விழும் பொருளில் நிலைமை வேறு; விண்வெளி நிலையமும் பூமியைச் சுற்றி அப்படி விழுந்துகொண்டே இருப்பதுதான். அங்கே ஒவ்வொரு கிராமும் ஒரே ஆர்முடுகலோடு போகிறது. ஒன்றை ஒன்று தாங்க வேண்டிய தேவையே இல்லை.

இதைச் சொல்லால் சொன்னபோது வகுப்பில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். மாணவர்களின் தலையாட்டலை நான் தரவாக எடுப்பதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் பிரச்சினை என்றால், உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பாத்திரம் வேண்டும்.

போத்தல் சோதனை

இரண்டு லீற்றர் கொள்ளக்கூடிய, அகன்ற வாயுள்ள தடித்த பிளாஸ்ரிக் இனிப்புப் போத்தல் ஒன்று எடுத்தோம். மூடியின் உட்பக்கத்தில் ஒரு கொளுக்கி; அதில் இறப்பர் வளையம்; அதன் நுனியில் வள்ளத்து இயந்திரத்தில் இருந்து கழற்றிய பெரிய இரும்புச் சுரை (நட்). சுரை தொங்கும்போது அதன் அடிவிளிம்பு எங்கே நிற்கிறது என்று போத்தலின் வெளியே கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு. இதுதான் முழு உபகரணமும். இறப்பர் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பது சுரையின் நிறையைச் சொல்கிறது.

முதலில் தண்ணீர். போத்தலின் அடியில் மணல் போட்டு, பள்ளிக்கூடத் தொட்டியில் மூழ்காமலும் மேலெழாமலும் நிற்கும்வரை கூட்டிக் குறைத்துச் சமப்படுத்தினோம். அதைக் காலை வேளையில் டச்பே கடற்கரைக்குக் கொண்டுபோனால் மேலே வந்து மிதந்தது. காரணத்தை ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை: கடல்நீர் லீற்றருக்கு இருபது கிராமுக்கு மேல் பாரம் கூடியது, இரண்டு லீற்றர் போத்தலுக்கு நாற்பது கிராமுக்குக் குறையாமல் இன்னும் மணல் வேண்டும். ஆர்க்கிமிடீசு தத்துவத்துக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது, இருந்தாலும் அது நாங்கள் தேடி வந்தது இல்லை. மணலைக் கூட்டி, நெஞ்சளவு தண்ணீரில் விட்டு, சுழியோடும் கண்ணாடி போட்ட மாணவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். போத்தல் இடைநீரில் அசையாமல் நின்றது. உள்ளே சுரை கறுப்புக் கோட்டிலேயே தொங்கியது.

"மிதக்குது, ஆனா உள்ள மிதக்கேல்ல" என்றாள் ஒரு மாணவி. முழுப் பாடத்தையும் அந்த ஒரு வரியில் முடித்திருக்கலாம்.

அடுத்தது வீழ்ச்சி. அதே போத்தல், மணலும் அப்படியே. மேல்மாடி வராந்தாவில் இருந்து நிலம் ஏறக்குறைய 8 மீற்றர். கீழே பழைய மீன்வலைக் குவியலும் அதன்மேல் பஞ்சு மெத்தையும். விழும் நேரம் 1.3 செக்கனுக்குச் சற்றுக் குறைவு, நிலத்தைத் தொடும்போது வேகம் செக்கனுக்கு 12.5 மீற்றர், அதாவது மணிக்கு 45 கிலோமீற்றர். இந்தக் கணக்கை முதலில் செய்விப்பது நல்லது. செய்த பிறகு யாரும் மெத்தைக்குக் கிட்ட நிற்கமாட்டார்கள்.

கையால் விட்டால் சரிவராது. விரல்கள் ஒரே நேரத்தில் விலகுவதில்லை, போத்தல் சாய்ந்து சுழலும். நூலில் தொங்கவிட்டு, ஆட்டம் முழுக்க அடங்கும்வரை பொறுத்திருந்து, முடிச்சுக்கு மேலே தீக்குச்சியால் நூலை எரித்துவிட வேண்டும். நூல் கருகி அறும்போது போத்தலுக்கு எந்தப் பக்கத் தள்ளலும் கிடைக்காது. கைத்தொலைபேசியின் மெதுவசைவு வீடியோ செக்கனுக்கு 240 படச்சட்டம் எடுக்கும். போத்தலின் பாதையின் மேல்பாதியைப் பக்கவாட்டில் எடுத்தாலே போதும்.

வீடியோவில் தெரிந்தது மாணவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சுவையானது. நூல் அறுந்த கணத்தில் போத்தல் கீழே இறங்கத் தொடங்குகிறது. சுரையோ, பின்னால் இருக்கும் சுவரோடு ஒப்பிட்டால், ஒரு கணம் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. மூடி கீழே வந்து சுரையை நெருங்குகிறது. போத்தலோடு சேர்ந்து பார்ப்பவருக்குச் சுரை கோட்டைவிட்டு மேலே பாய்ந்து மூடியில் முட்டுவதாகத் தெரியும். "மேல தள்ளினது யார்?" என்ற கேள்வி உடனே வந்தது. புதிதாக ஒருவரும் தள்ளவில்லை. இறப்பரின் இழுவிசை முதலில் இருந்தே அங்கே இருந்தது. சுரையின் நிறையும் அதுவும் சரிக்குச் சரி. நூல் அறுந்த கணத்திலும் இறப்பர் இழுபட்டுத்தான் இருக்கிறது, ஆகவே சுரையில் விளையுள் விசை பூச்சியம், அது நிற்கிறது. போத்தலை இறப்பர் கீழே இழுப்பதால் அது g-ஐ விடச் சற்றுக் கூடிய ஆர்முடுகலோடு இறங்குகிறது. இறப்பர் சுருங்கி முடிந்தபின் இரண்டும் ஒன்றாக விழுகின்றன, அதற்குப் பிறகு இறப்பருக்குத் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. தனியுடல் விசைப்படம் கீறச் சொன்னால் சலிப்போடு கீறும் வகுப்பு, இந்த 240 சட்ட வீடியோவுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு கீறியது.

போன்

ஜேர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலி, போனுக்குள் இருக்கும் ஆர்முடுகல்மானியின் வாசிப்பை வரைபாகக் காட்டும். மேசையில் வைத்தால் 9.8க்குக் கிட்ட நிற்கும். சுற்றுலாப் பயணிகளுக்கு உப்புவெளியில் விற்கும் நீர்புகாப் பையில் போனைப் போட்டுக் கடலுக்குள் கொண்டுபோனோம். நனைந்த திரை தானாகவே தொடுகையை உணர்ந்து குழப்பும் என்பதால், செயலியில் உள்ள நேரக்கட்டுப்பாட்டை முன்கூட்டியே அமைத்துவிட்டு அமிழ்த்த வேண்டும். அலையின் ஆட்டத்தை விட்டுவிட்டால், நீருக்கடியிலும் வாசிப்பு அதே 9.8தான். போத்தலை நம்பாத இரண்டொருவர் இந்த வரைபை நம்பினார்கள். இலக்கத்துக்கு இருக்கும் மரியாதை சுரைக்கு இல்லை.

பிறகு அதே போனை இரண்டு மீற்றர் உயரத்தில் இருந்து நான்கு பேர் விரித்துப் பிடித்த படுக்கை விரிப்பில் விட்டோம். வரைபு கிடுகிடுவென்று பூச்சியத்துக்குக் கிட்ட வந்தது. ஆனால் அங்கேயே தங்கவில்லை. வேகம் கூடக்கூட மெல்ல மேலே ஏறியது. போன் தட்டையாக விழுந்தால் ஏற்றம் கூட, ஓரமாக விழுந்தால் குறைவு. காற்றின் தடைதான். போன் முழுச் சுயாதீனமாக விழவில்லை என்பதைப் போனே சொல்லிவிடுகிறது.

இந்த ஏற்றம்தான் என் கணிப்பில் முழு நிகழ்விலும் பெறுமதி கூடிய தரவு. நிறையற்ற நிலை வேண்டும் என்பவர்கள் எல்லோரும் முட்டி மோதும் இடம் அது. ஓகையோவில் உள்ள நாசாவின் 2.2 செக்கன் வீழ்ச்சிக் கோபுரத்தில், பரிசோதனைப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து விடுகிறார்கள். வெளிப்பெட்டி காற்றை எதிர்கொள்ள, உள்பெட்டி அதற்குள் அமைதியாக விழும். பிரேமனில் இருக்கும் 146 மீற்றர் கோபுரத்தில் குழாயில் இருந்து காற்றையே உறிஞ்சி எடுத்துவிட்டு, 110 மீற்றர் விழவிடுகிறார்கள், கிடைப்பது 4.7 செக்கன், கீழிருந்து எறிந்தால் 9 செக்கனுக்குச் சற்று மேல். அதற்கு மேல் வேண்டுமானால் பரவளைவுப் பாதையில் பறக்கும் விமானம், அதில் இருபது செக்கன் சொச்சம். அதற்கும் மேல் வேண்டுமானால் சுற்றுப்பாதைதான். இருபது செக்கனில் இருந்து மாதக்கணக்குக்கு ஒரே தாவல். இடையில் சில நிமிடங்கள் தரும் ஆய்வு ரொக்கெட்டுகள் மட்டும்.

இந்தக் கட்டத்தில், கோணேசர் கோயிலடியில் உள்ள செங்குத்துப் பாறைப் பிளவான இராவணன் வெட்டில் இருந்து போத்தலை விடலாம் என்று பின்வாங்கில் ஒரு யோசனை எழுந்தது. 100 மீற்றர் என்று வைத்தால் 4.5 செக்கன், பிரேமனுக்கு ஈடு! வேகம் கூடக்கூடக் காற்றுத்தடை ஏறும், பாதி வழியிலேயே உள்ளே சுரைக்கு நிறையில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும் என்று கணக்கில் காட்டினேன். கோயிலடியில் இருந்து எதையும் எறியக்கூடாது என்பதற்குக் கணக்குத் தேவையில்லை. ஆனால் இராவணன் பெயர் வந்ததால் இன்னொன்று சொல்ல முடிந்தது. இலங்கையின் முதல் செய்மதியான இராவணா-1 ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் திட்டம் ஒன்றில் இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கியது. 2019 ஏப்ரலில் விண்வெளி நிலையத்துக்குப் போய், அந்த ஆண்டு ஜூன் 17ஆம் திகதி நிலையத்தின் கிபோ ஆய்வுகூடத்தில் இருந்து வெளியே விடப்பட்டது. விட்ட இடத்தில் இருந்து அது பூமியை நோக்கிப் பொத்தென்று விழவில்லை. மெல்லத் தள்ளிய தள்ளலுக்கு ஏற்ப நிலையத்தை விட்டு விலகி, தானும் அதேபோலச் சுற்றத் தொடங்கியது. கையைவிட்ட கத்தி ஏன் நிற்கிறது என்பதற்கு இது போதும்.

மெழுகுதிரி

கிபோவிலும் நிலையத்தின் மற்ற ஆய்வுகூடங்களான டெஸ்ரினியிலும் கொலம்பஸிலும் எதற்காக இவ்வளவு செலவழித்துப் பரிசோதனை செய்கிறார்கள் என்று கேட்கும் மாணவருக்குச் சுரை போதாது. சுரை மேலே போவதைப் பார்க்க யாரும் ஆய்வுகூடம் கட்டுவதில்லை. அதற்காக ஒரு மெழுகுதிரி.

மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் எரியும் சிறு மெழுகுதிரியைத் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தினால், ஒட்சிசன் தீரும்வரை சுவாலை வழமைபோல் நீண்டு மஞ்சளாகவே எரியும். போத்தல் தண்ணீரில் சமநிலையாக நின்றாலும் அப்படித்தான். சுவாலைக்குத் தான் நீருக்கடியில் நிற்பது தெரியாது. அதே அமைப்பைப் பிளாஸ்ரிக் போத்தலில், மெழுகுதிரியை அடியில் ஒட்டி, மாடியில் இருந்து விழவிட்டோம். இந்தத் தடவை நாசாவைப் பின்பற்றி வெளியே ஒரு அட்டைப்பெட்டி, ஒரு பக்கத்தில் கமராவுக்கு ஜன்னல். போத்தலின் நூலும் பெட்டியின் நூலும் ஒரே முடிச்சில் சேரும், எரிப்பது அந்த முடிச்சை. போத்தலுக்குக் கீழே பெட்டிக்குள் இடைவெளி விட மறக்கக்கூடாது. காற்றுத்தடையால் பெட்டி பிந்தும், போத்தல் அதற்குள் இறங்கி வரும். கச்சான் காற்று எழும்பிய பின்னேரங்களில் இதைச் செய்யவே முடியாது. காலைதான்.

விழத் தொடங்கி அரைச் செக்கனுக்குள் சுவாலை குறுகி, மஞ்சள் வடிந்து, திரியைச் சுற்றி மங்கலான நீலமாக உருண்டது. மெத்தையில் விழுந்ததும் அணைந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் நீலம் தெரியாது, பெட்டியின் உட்புறத்துக்குக் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டும்.

சூடான வாயு மேலே போவது அடர்த்தி குறைந்ததால். அடர்த்தி வித்தியாசம் மேலுதைப்பாக மாறுவதற்கு நிறை வேண்டும். நிறை இல்லாவிட்டால் மேற்காவுகை இல்லை. ஒட்சிசன் சுவாலைக்கு வந்துசேர ஒரே வழி பரவல், அது எல்லாத் திசையிலும் சமம், ஆகவே சுவாலை கோளம். 1992இல் கொலம்பியா விண்ணோடத்திலும் பின்பு ரஷ்யாவின் மீர் நிலையத்திலும் மெழுகுதிரி கொளுத்தி இதை ஆற அமரப் பார்த்தார்கள்.

விண்வெளி நிலையத்தில் இது எங்கே போய் முடிந்தது என்பதைத்தான் நான் வகுப்பில் நீட்டிச் சொன்னேன். தீயணைப்பைப் பற்றிய பரிசோதனைத் தொடர் ஒன்றில், ஹெப்ரேன் என்னும் எரிபொருளின் சில மில்லிமீற்றர் துளிகளைத் தாங்கி எதுவுமில்லாமல் அந்தரத்தில் விட்டு எரித்தார்கள். பெரிய துளிகளின் சுவாலை ஒரு கட்டத்தில் அணைந்தது. அணைந்தபின் துளி சுருங்குவது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவாலை, வழமையான சுவாலையை விட மிகக் குறைந்த வெப்பநிலையில், 500 முதல் 800 கெல்வின் வரையான அளவில், துளியைத் தொடர்ந்து தின்றுகொண்டிருந்தது. 2012இல் கலிபோர்னியாவின் ஃபோர்மன் வில்லியம்ஸ் முதலானோர் இதை அறிவித்தார்கள். குளிர்சுவாலை என்ற இரசாயனம் தரையிலும் தெரிந்ததுதான். ஒரு துளியைச் சுற்றி இப்படி நிலைத்து எரியும் என்பதுதான் புதிது. தரையில் மேற்காவுகை அந்த மெல்லிய வலயத்தைக் குலைத்துவிடும். அணைக்கும் வழி தேடிப் போனவர்கள் அணையாத ஒன்றைக் கண்டார்கள். இயந்திரங்களுக்குள் எரிபொருள் எப்படித் தானாகப் பற்றுகிறது என்பதை விளங்க இது உதவும் என்கிறார்கள். என் வகுப்பில் பாதிப்பேரின் வீட்டில் வள்ளத்து இயந்திரம் இருப்பதால் அந்த வரிக்கு நல்ல கவனிப்புக் கிடைத்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகத்தான் சொன்னேன். நிலையத்தில் முதன்முதலில் நடந்த பௌதிகப் பரிசோதனைகளில் ஒன்று 2001இல் ஜேர்மனியரும் ரஷ்யரும் சேர்ந்து செய்தது: மின்னேற்றத் துணிக்கைகள் கொண்ட வாயுவான பிளாஸ்மாவுக்குள் தூவிய நுண்துகள்கள் தரையில் அடியில் படிந்துவிடும், அங்கே முப்பரிமாணத்தில் பளிங்குபோல் அடுக்குப்பட்டு நின்றன. 2018இல் போன குளிர் அணு ஆய்வுகூடம் றூபீடியம் அணுக்களைத் தனிப்பூச்சியத்துக்கு மிகக் கிட்டக் குளிராக்கி, அந்த ஆண்டு ஜூலையில் சுற்றுப்பாதையில் முதலாவது போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கத்தை (அணுக்கள் எல்லாம் ஒரே அலைபோல் நடக்கும் நிலையை) செய்தது. தரையில் அணு முகில் பொறியில் இருந்து விடுபட்டதும் விழுந்து தட்டத்தில் முட்டிவிடும், அங்கே நின்று பார்க்க நேரம் கிடைக்கிறது. திணிவு அளக்கத் தராசு உதவாததால், 1973இன் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாபில் இருந்தே விற்சுருளில் ஆட்டி, அலைவு காலத்தில் இருந்து திணிவைக் கணிக்கிறார்கள். இதை மேசை விளிம்பில் இறுக்கிய வாள் அலகைக் கொண்டு பக்கவாட்டில் ஆட்டி வகுப்பிலேயே செய்யலாம். 2013 ஜூன் 20இல் வாங் யாப்பிங் சீனாவின் தியாங்கொங்-1இல் இருந்து நடத்திய பாடத்தில் ஊசலையும் காட்டினார்: விட்டால் ஆடாது, தட்டிவிட்டால் வட்டமாகச் சுற்றும். ஊசலுக்கு அலைவு காலம் T-இன் சமன்பாடு பாடமாக்கியவர்களுக்கு g பூச்சியமானால் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு பூச்சியம்?

"அங்க சரியா பூச்சியமா சேர்?" என்று கேட்டவன் நமது சுழியோடிதான். போன் வரைபில் அந்த ஏற்றத்தைக் கண்டதன் பலன்.

முதலில் ஈர்ப்பு எவ்வளவு என்று கணித்தோம். 400 கிலோமீற்றர் என்பது பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடக் குறைவு. பூமியின் ஆரை 6371இல் இருந்து 6771க்குப் போகிறது, அவ்வளவுதான். ஈர்ப்பு 8.7, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைய. நிலையம் ஒவ்வொரு செக்கனும் 4.3 மீற்றர் விழுகிறது, அதே செக்கனில் 7.67 கிலோமீற்றர் முன்னே போகிறது, அந்தத் தூரத்துக்குள் பூமியும் அதே 4.3 மீற்றர் வளைந்து விலகிவிடுகிறது. 92 நிமிடத்தில் ஒரு சுற்று.

ஆனால் நிலையம் ஒரு புள்ளி இல்லை. அதன் திணிவு மையம் மட்டும்தான் சரியான கதியில் விழுகிறது. மையத்துக்கு ஒரு மீற்றர் கீழே இருக்கும் பொருளை ஈர்ப்பு கொஞ்சம் கூட இழுக்கும், அதற்குத் தேவையான மையநாட்ட ஆர்முடுகலோ கொஞ்சம் குறைவு. இரண்டையும் கழித்தால் எஞ்சுவது 3ω² பெருக்கல் தூரம் (ω நிலையம் சுற்றும் கோணவேகம்). ஒரு மீற்றருக்கு g-இல் பத்து இலட்சத்தில் 0.4 பங்கு. உயர்தரக் கணிதம் இதற்குப் போதும், பரீட்சையில் வராது என்பதால் யாரும் செய்விப்பதில்லை. அதோடு 400 கிலோமீற்றரிலும் ஐதான காற்று உண்டு, நிலையம் மெல்லத் தாழ்ந்துகொண்டே வர, இடையிடையே இயந்திரம் எரித்து உயர்த்துகிறார்கள். ஆட்கள் சுவரை உதைத்துப் பாய்கிறார்கள், ஓடுபொறியில் ஓடுகிறார்கள், விசிறிகளும் பம்பிகளும் அதிர்கின்றன. ஓடுபொறிக்கு அதிர்வுத் தனிப்படுத்தி, பரிசோதனை அடுக்குகளுக்கு வேறு தனிப்படுத்தி, அதிர்வை அளந்து பதிய நிலையம் எங்கும் ஆர்முடுகல்மானிகள். நொய்மையான அளவீடுகளை ஆட்கள் உறங்கும் நேரத்தில் தரையில் இருந்தே இயக்குகிறார்கள்.

தண்ணீருக்குத் திரும்புதல்

பையனின் விடையில் ஒரு துண்டு உண்மை எஞ்சியிருந்தது, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. மேலுதைப்பு பொருளின் வெளியே மட்டும்தான் தாங்கும் என்றால், பொருளே உள்ளும் புறமும் ஒரே அடர்த்தியுள்ள திரவமாக இருந்தால்? பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் பிளாத்தோ 19ஆம் நூற்றாண்டில் இதைத்தான் செய்தார்: நீரும் மதுசாரமும் கலந்த திரவத்தில் எண்ணெயை விட்டு, இரண்டின் அடர்த்தியையும் பொருத்தினார். நாங்கள் பாமசியில் வாங்கிய ஸ்பிரிற்றில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஊசிக்குழாயால் நடுவில் நல்லெண்ணெய் விட்டோம். தண்ணீர் கூடினால் எண்ணெய் மேலே போகும், ஸ்பிரிற் கூடினால் கீழே போகும். சரியான கலவையில் எண்ணெய் நடுவில் நின்று, தேசிக்காய் அளவில் பிசகில்லாத கோளமானது. பரப்பிழுவை மட்டும் மிஞ்சும்போது திரவம் எடுக்கும் வடிவம் இது. வாங் யாப்பிங் காட்டிய நீர்க்கோளத்தை ஆள்வதும் இதே விசைதான். கண்ணாடிக் கம்பியால் தட்டினால் வேறுபாடு தெரிகிறது: அங்கே நீர்க்கோளம் நெடுநேரம் குலுங்கும், இங்கே சுற்றியுள்ள திரவத்தின் பிசுக்குமை ஒன்றிரண்டு அசைவிலேயே அடக்கிவிடும். சுவாலைக்கும் இந்த வழி உதவாது.

தவணைப் பரீட்சையில் அதே கேள்வியை மறுபடி கொடுத்தேன். அவன் இரண்டு போத்தல் கீறியிருந்தான். முதலாவதில், சுரையில் கீழ்நோக்கி நிறை, மேல்நோக்கி இறப்பரின் இழுவிசை, போத்தலுக்கு வெளியே மேலுதைப்பு, எல்லாம் சரி. இரண்டாவதில் சுரைக்கு ஒரே ஒரு அம்புக்குறி, கீழ்நோக்கி, பக்கத்தில் "8.7" என்று இருந்தது. அலகு எழுதாததற்கு அரைப்புள்ளி குறைத்தேன். தாள் திருப்பிக் கொடுத்தபோது அதற்காக என்னோடு வாதாடினான், கூடவே ஒன்று கேட்டான்: நிலையத்துக்குள் எண்ணெயையும் தண்ணீரையும் ஒரு போத்தலில் போட்டுக் குலுக்கினால் பிரியுமா? பிரிய வைக்கும் மேலுதைப்பு அங்கே இல்லை, குலுக்கிய கலவை நெடுநேரம் அப்படியே நிற்கும் என்றேன். ஸ்கைலாபிலேயே அப்படிக் குலுக்கிப் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். போத்தலை மாடியில் இருந்து விட்டு 1.3 செக்கனில் இதைக் காட்ட முடியுமா என்பதற்கு அவனே அமைப்பு ஒன்று கீறிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.